நோன்புக் கஞ்சியில் கசப்பு

"கசக்குது ராத்தா. வெந்தயம் கூடிப்போச்சு."

அகப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் மனைவி தெரேசா முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு உம்மு குல்சும் நோன்பு மாதத்தில் காய்ச்சும் கஞ்சிக்கு ருசி பார்ப்பது அவள் வேலை. நோன்பு பிடித்த வாயில் அவர் எதையும் வைக்கமாட்டார். நாங்கள் மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரர், எங்களுக்குத் தடையில்லை.

இஞ்சி வயிற்றுக்கு, பூண்டு வாயுவுக்கு, வெந்தயம் சூட்டுக்கு என்று போடுவார்.

"வெந்தயமா? முடிஞ்சி போச்செண்டு இண்டைக்குப் போடவே இல்லியே தங்கச்சி."

மூட்டை சுமந்த அலுப்பில் வாசலில் சாய்ந்திருந்த நான், "நாக்க எங்கயோ அடகு வச்சிட்டா போல" என்றேன்.

உம்மு குல்சும் சிரிக்கவில்லை. தெரேசாவின் கழுத்தில் புறங்கையை வைத்தார்.

கொதித்தது.

மாவலி கங்கை வற்றிக் குட்டை குட்டையாய் நின்ற வருஷம். வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல், வீதிக்கு வீதி சவம். காய்ச்சலுக்கென்று அரசாங்கம் கொடுத்த கொயினா மாத்திரையைத் தெரேசா வாங்கி, விழுங்காமல் வைத்திருந்தாள். காய்ச்சலை என்னிடமும் மறைத்திருந்தாள்.

வயிற்றில் ஆறு மாதம். முன்னே இரண்டு தங்கவில்லை.

"அது புள்ளயக் கரைச்சிரும் ராத்தா. செத்தாலும் தொடமாட்டேன்."

"நீ செத்தா புள்ள தனியா நடந்து வருமா? கறுவா போல அதுவும் ஒரு மரத்துப் பட்டதான். எனக்கும் மூணு மாசம். நாலு நாளா ராவையில முழுங்குறன். எனக்கு என்ன ஆச்சு?"

தெரேசா அவர் முகத்தையே பார்த்தாள்.

"நோன்பு புடிச்ச வாயால பொய் சொல்வனா?"

தெரேசா விழுங்கினாள். கசப்புப் போகக் கஞ்சியை ஊட்டினார் அவர்.

நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. பங்குனியில் மார்கிரட் பிறந்தாள். இப்போது தெருவெல்லாம் அவள் சத்தம். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வருஷத்து நோன்புப் பெருநாளுக்கு மறுநாள்தான் நினைவில் வரும்.

அன்று எனக்கு வட்டிலப்பம் வைத்துக் கொடுத்த உம்மு குல்சும், தான் ஒரு வாய்கூடத் தொடவில்லை. உதடு காய்ந்திருந்தது.

ஏன் என்று அவர் புருஷன் மக்கீன் நானாவிடம் கேட்டேன்.

"ஒரு நோன்பு பொய்யால கெட்டுப் போச்சாம். அதத் திருப்பிப் புடிக்கிறா."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தெரேசாக்கிட்டச் சொல்லிறாத யாகப்பர். அண்டைக்கு இவட வயித்துல பசியத் தவிர ஒண்டும் இருக்கல்ல."