கப்பலில் வந்தவர்

நல்லசாமிக்குத் தாத்தா இருந்தார். தாத்தாவின் படம்தான் இல்லை. கோலசிலாங்கூர் பக்க ரப்பர்த் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவரை எவன் படம் பிடித்தான்? புது பங்களாவின் கூடத்துச் சுவர் காலியாகக் கிடந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஓவியர் மாசிலாமணியைக் கூப்பிட்டனுப்பினார். நெஞ்சுவரை தாடியோடு வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“என்னய்யா இந்தத் தாடி?”

“இங்க வேலை செய்ய பெர்மிட் கிடைச்சா பத்துமலைக் கோயில்ல முடி எடுக்கிறதா வேண்டுதலுங்க.”

“நீங்கல்லாம் நேத்து பிளேன்ல வந்தவங்க. என் தாத்தா கப்பல்ல வந்தவர் லா. கோட்டு, தலப்பா போட்டு, தோட்டத்துக் கணக்கெழுதுற பெரிய கிராணி மாதிரி வரைங்க. உங்களை மாதிரி தாடி மீசை வேணாம். முகத்துல ராஜகளை வேணும்.”

“ஜாடை எப்படிங்க?”

“என்னைப் பாத்தா தெரியலையா?”

படம் வந்தது. நல்லசாமி சொக்கிப்போனார்.

“அப்படியே என் மூக்கு. இந்தக் களை ரத்தத்துல வரணும். நேத்து வந்தவனுக்கு வருமா?” என்றார் மனைவி லோகேஸ்வரியிடம். தினமும் மாலை போட்டு, விழுந்து கும்பிட்டார்.

தைப்பூசத்துக்கு மறுநாள் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த லோகேஸ்வரி, வாசலில் நின்றவரையும் சுவரிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கைகூப்பினாள்.

எட்டிப் பார்த்த நல்லசாமி, பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க, தாத்தா.”

“பெர்மிட் கிடைச்சிருச்சுங்க,” என்று மழித்த முகமும் மொட்டைத் தலையுமாகத் திருநீற்றை நீட்டினார் மாசிலாமணி.