வெள்ளிக்கிழமைக் குப்பி

மது ஆலையிலிருந்து கிடங்குக்கு வரும் ஒவ்வொரு குப்பியிலும், அதை வாங்கப்போகிறவரின் பெயரும் கடையும் தேதியும் முன்பே அச்சாகியிருக்கும். குடிக்கலாமென்று அவருக்கே அப்போது தோன்றியிருக்காது. ஆனாலும் அது ஒரு நாளும் தப்பியதில்லை.

பெண் பெயர் இருந்தால், கடையில் நாலு பேர் பார்க்காதபடி அந்தக் குப்பியைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அது ஜெசிந்தாவின் வேலை. புதன்கிழமை காலையில் அப்படி ஒன்றைச் சுற்ற எடுத்தவள், அதில் தன் பெயரைப் பார்த்தாள். அவள் தெருமுனைக் கடைதான். தேதி வெள்ளிக்கிழமை.

அவள் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை.

"யக்கா, நீங்களுமா? சொல்லவேயில்ல பாருங்க!" என்று சிரித்தான் லாரி ஓட்டும் பிச்சுமணி.

"சும்மா கெடடே. நான் எதுக்குக் குடிக்கப்போறேன்?"

"யாருக்கு, எந்தக் கடைக்குன்னுதான நமக்குச் சொல்லுதாவ? எதுக்குன்னு யாரு சொன்னா?"

பயத்தைவிட அந்த 'எதுக்கு'தான் அவளை அரித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். மகள் வகுப்பில் இருந்தாள். அம்மாவுக்குப் போன் செய்தாள்; "மீன் அறுத்துக்கிட்டிருக்கேன், வை போனை" என்று ஏச்சு விழுந்தது. மீதி ஒருவர்தான்.

மதியம் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். கணவன் செல்வின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை எங்கிட்ட எதுவும் சொல்லப்போறீங்களா?"

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றான்.