பத்தாவது தூக்குச்சட்டி

கடைசி நாற்காலிக்கு நானும் பெர்சிஸும்தான் மிச்சம்.

ஆலயப் பண்டிகையின் விளையாட்டுப் போட்டி. பாளையங்கோட்டை வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்பமரத்தடியில் சபைப் பெண்கள் எல்லோரும் கூடி நின்று கத்தினார்கள்.

பெர்சிஸுக்கு இருபத்தாறு வயது. எனக்கு ஐம்பத்தெட்டு. இருந்தால் என்ன? இசை நாற்காலியில் இந்த சாலோமியை ஒன்பது வருடமாக ஒருத்தியும் அசைத்ததில்லை. பரிசாக வந்த ஒன்பது எவர்சில்வர் தூக்குச்சட்டிகளும் வீட்டு அலமாரியில் வரிசையாக இருக்கின்றன.

பத்தாவதையும் வாங்கியே தீருவேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வீட்டுக்காரர் ரிச்சர்ட் கேட்ட ஒரே காரியம் அதுதான். "எப்படியும் பத்தாக்கிரு, சாலோமி" என்றார். மறுநாள் போய்விட்டார்.

அதற்காகவே இரண்டு மாதம் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கீழ்வீட்டுக்காரர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஒன்பது வருடமும் போட்டிக்குக் கீபோர்டு வாசித்தவர் என் வீட்டுக்காரர்தான். ஆனாலும் யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? தன் வகுப்பில் படித்த சொந்த மகள் கெசியாவுக்கே அரை மார்க் கூட்டிப் போடாத கணக்கு வாத்தியார். அந்த அரை மார்க்கில் அவளுக்கு முதலிடம் பறிபோனது. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

போதாததற்கு, எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நான் ஓடுவது அவருக்கு எங்கே தெரியும்?

இந்த வருடம் அதே கீபோர்டில் எபி உட்கார்ந்திருந்தான். பாங்கில் வேலை பார்க்கிறவன், அவரிடம் வாசிக்கப் பழகியவன். கீபோர்டின் மூலையில் அவர் கம்பி வைத்துக் கட்டிய சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. ஆராதனையில் பின்னால் பீடத்தில் நிற்கும் போதகர் கையசைப்பதைப் பார்ப்பதற்காக வைத்தது. வெயில் பட்டுக் கூசியதால் எபி அதைக் கவிழ்த்துவிட்டிருந்தான்.

பாட்டு தொடங்கியது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். கண்ணை நாற்காலியிலிருந்து எடுக்கவே இல்லை.

பாட்டு நின்றபோது நான் நாற்காலியின் முதுகுப் பக்கம் இருந்தேன். பெர்சிஸ் உட்கார்ந்துவிட்டாள்.

நம்ப முடியவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பாட்டு என்னை அந்த இடத்தில் விட்டதில்லை.

பெர்சிஸ் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். ஜெயித்தவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார் இருந்திருந்தா நீங்க தோத்திருக்கவே மாட்டிய, அக்கா. உங்களப் பாத்துப் பாத்துல்லா நிறுத்துவாவ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. திரும்பினேன். வேப்பமரத்தடியில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

விறுவிறுவென்று கீபோர்டுக்குப் போனேன். எபி எழுந்து இடம் விட்டான். உட்கார்ந்து கண்ணாடியை நிமிர்த்தினேன்.

இந்த மைதானத்தில் பீடம் ஏது, போதகர் ஏது? கண்ணாடியின் நட்டநடுவில் அந்த ஒற்றை நாற்காலி தெரிந்தது.

அரை மார்க் போடாத மனுஷன்!

அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். அழுது முடித்து, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஏலே எபி, அடுத்த வருசமும் நீயே வாசி. நான் ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும்."