கண்டக்டரம்மாவின் முனகல்

பல் துலக்கி முடித்த பிறகுதான் கண்டக்டரம்மாவுக்கு உறைத்தது. இடுப்பு வலிக்கவில்லை.

குனிந்து பார்த்தார். ஊஹூம். ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். காரணமே இல்லாமல் திரும்ப ஏற்றினார். வலிக்கவே இல்லை.

பதினான்கு வருஷமாக, ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்துச் சம்பாதித்த வலி. அவருக்குக்கூட வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு, அதற்குக் கிடையாது.

அடுப்படியில் நின்ற கணவரின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கரண்டியும் கையுமாக மனிதர் மிரண்டுபோனார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் கூடச் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தார். பால் பொங்கி வழிந்ததை இருவரும் பார்த்துக்கொண்டே சுற்றினார்கள்.

அழைப்பு மணி அடித்தது.

ஆராய்ச்சிப் பெண்! மறந்தே போயிருந்தது.

தீராத வலியோடு இருப்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. புள்ளிவிவரம் எதுவும் கேட்க மாட்டாள். எதிரே உட்கார்ந்து பேசவைப்பாள், போனில் பதிவு செய்வாள், பிறகு அதில் கேட்கிற ஒரு பெருமூச்சைக்கூடத் தவறவிடாமல் எழுதிவைப்பாள். இது ஐந்தாவது சந்திப்பு. இதுதான் கடைசி.

வலி போய்விட்டது என்று சொன்னால், பாவம், இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை வெறுங்கையோடு போக வேண்டும். தவிர, வாய்விட்டுச் சொன்னால் அந்த வலி காதில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுமோ என்று உள்ளூர ஒரு பயம்.

ஆகவே கண்டக்டரம்மா முனகினார்.

பழக்கமில்லாத வேலை. ஏப்பம் மாதிரி ஏதோ வந்தது. உட்காரும்போது இடது இடுப்பைப் பிடித்தவர், எழும்போது வலது பக்கத்தைப் பிடித்தார். டீ கொண்டுவந்த கணவர் அதைப் பார்த்துவிட்டு, தட்டோடு அப்படியே அடுப்படிக்குள் ஓடினார். உள்ளே பலமாக இருமல் கேட்டது.

ஆராய்ச்சிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு தடவையும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே தட்டிக்கழித்தவர், இன்றுதான் மனம் திறக்கிறார்!

திறந்த வாய் மூடவில்லை. வலி சுண்டி இழுக்கும்போதெல்லாம் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று கத்துவாராம். ரொம்பக் கறாரான அம்மா என்று பயணிகள் ஒடுங்கி உட்காருவார்களாம். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்டக்டரம்மாவும் சிரித்தார். முனக மறந்துபோய், பிறகு ஞாபகம் வந்து இரண்டு முனகலைச் சேர்த்துப் போட்டார்.

வழியனுப்ப வாசல்படி இறங்கும்போது வந்தது. இடுப்பில் ஆரம்பித்து முழங்கால்வரை, அதே பழைய ரூட்டில்.

கண்டக்டரம்மா நிமிர்ந்து நின்று சிரித்தார்.

"இப்பதாம்மா உங்க முகம் தெளிஞ்சிருக்கு. மனசுவிட்டுப் பேசினதுல வலி குறைஞ்சிருக்கு போல" என்றாள் அவள்.

"பறந்தே போச்சும்மா. பார்த்துப் போயிட்டு வா."

அவள் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே, சத்தமாகச் சிரித்துக்கொண்டே நின்றார்.

உள்ளே கணவர் அடுப்பில் வெந்நீர் வைத்தார். ஒத்தடத்துக்குத் துணியை நாலாக மடித்தார்.

அந்தச் சிரிப்பை அவருக்குப் பதினான்கு வருஷமாகத் தெரியும்.