ஓரடி

காலையில் இறக்கிய சிமெண்டு மூட்டைகளால் இத்ரீஸுக்குத் தோள் இற்றுப்போயிருந்தது. பட்டாளத்தால் ஆட்சியிலிருந்து விரட்டப்பட்ட மார்க்கக் கட்சி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜனங்களைத் தொழுகை வரிசை குலையாமல் தெருவில் இறக்கியது. முன்வரிசையில் இடைவெளி விழுந்தால் நேர் பின்னால் நிற்பவன் நிரப்ப வேண்டும், பள்ளிவாசல் பழக்கம்தான். எதிரே பட்டாளம் துப்பாக்கியோடு நின்றது.

"மூட்டை தூக்குற தோளா மச்சான் இப்படி நடுங்குது?" பக்கத்தில் நின்ற டீக்கடை யஹ்யா சிரித்தான்.

துப்பாக்கி வெடித்தது. இத்ரீஸுக்கு முன்னால் நின்றவர் சரிந்தார். இத்ரீஸின் கால் எழவில்லை.

"தள்ளு, நான் போறேன்." யஹ்யா குறுக்கே நுழைந்து அங்கே நின்றான். அடுத்த குண்டு அவனுக்கு.

அடக்கம் செய்ய மையவாடிக்கு அவனைச் சுமந்தபோது இத்ரீஸுக்குத் தோள் வலிக்கவில்லை. வரும் வெள்ளிக்கும் கட்சி கூப்பிட்டிருக்கிறது. யஹ்யாவுக்கு அவன் ஓரடி கடன்பட்டிருக்கிறான்.