மூன்றாவது கம்பி

மூன்றாவது கம்பியை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற மற்ற இரண்டு கம்பிகளையும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொக்கி அடித்து முறுக்கியாயிற்று. மூன்றாவது கொக்கி ஈரச் சுவரோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. புதிதாகச் சிமெண்டு வைத்துக் காயவிட நேரமில்லை.

சாக்கை மடித்து இடுப்பில் சுற்றி, அதன்மேல் கம்பியைச் சுற்றி, தரையில் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டி மேடையில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டேன்.

நெட்ட நெடு ஜி.ஐ. பைப். நுனியில் ரேடியோ செட்டின் ஏரியல். காற்று அதைப் பிடித்து ஆட்டும்போதெல்லாம் கம்பி சாக்கையும் தாண்டி வயிற்றுக்குள் போனது.

பைப் என் வீட்டுடையது. வாசல் தகரத்துக்குக் குறுக்குச் சட்டமாகக் கிடந்தது. காலையில் போல்ட்டைக் கழற்றி உருவித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் தகரம் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளாறு உடைத்துக்கொண்டது என்று நேற்றே சொன்னார்கள். சேத்தியாத்தோப்பில் ஆற்றோரத் தெருவில்தான் என் மகள் தமிழ்மொழியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். புயலில் செல்போன் டவரெல்லாம் செத்துவிட்டது. பஸ் கிடையாது. நடந்தே பாதி வழி போனேன். ரோட்டின்மேல் மார்பளவுக்குத் தண்ணீர் ஓடியது. போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் வடக்குத்தில் கோபாலகிருஷ்ணன் சார் ஒருத்தரிடம்தான் டவர் இல்லாமல் பேசுகிற செட் இருந்தது. நிலக்கரி மைன்ஸில் பர்மனன்ட்டாக இருந்து ரிட்டயர்டு ஆனவர். நான் அங்கே கான்ட்ராக்ட் கூலி. சாயங்காலமானால் சேத்தியாத்தோப்பில் ரைஸ் மில் வைத்திருக்கும் சிநேகிதரோடு அதில் அரட்டை அடிப்பார். அந்த மில்லுக்கு மாடி உண்டு, தண்ணீருக்குத் தப்பித்த சனம் அங்கேதான் ஏறியிருக்கும் என்றார்.

ஆனால் அவருடைய ஏரியல் கம்பம் காற்றில் குச்சி மாதிரி மடிந்து கிடந்தது.

நான் நிறுத்தித் தருகிறேன் சார் என்றேன். இந்தக் காற்றிலா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் பேட்டரியைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது மாடிப்படி அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் ஸ்பீக்கர் இரைந்தது. தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி.

"கெட்டியாப் புடிய்யா சிங்காரவேலு. கான்ட்ராக்ட் ஆளாச்சேன்னு பாதியில விட்டுட்டுப் போயிடாத."

எனக்குத் தைரியம் வருவதற்காகச் சொன்னார். சிரிக்கப் பார்த்தேன், பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

ஆற்றோரத் தெருவிலிருந்து யார் வந்திருக்கிறார்கள், பேரைச் சொல்லுங்கள், பேரைச் சொல்லுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இரைச்சல் சட்டென்று விலகியது. தொண்டை கட்டிப்போன ஒரு குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை.

"தமிழ்மொழி. ஓவர்."

மறுபடியும் மணல் கொட்டியது.

எழுத்தை நான் என் மகளிடம்தான் கற்றுக்கொண்டேன், நாற்பதைத் தாண்டிய பிறகு. ஓவர் என்கிற இந்தச் சொல்லை மைன்ஸில் கற்றுக்கொண்டேன். ஷிப்ட் ஓவர். சாப்பாடு ஓவர். என்னோடு வேலை செய்த பழனிசாமிக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூடப் போனவன் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது அந்த ஒரு சொல்தான். ஓவர்பா.

என் கால் தானாக மடங்கியது.

பைப் அந்தப் பக்கமாகச் சாய்ந்து பக்கத்து வீட்டுத் தென்னைமேல் விழுந்தது. கம்பி என்னை இழுத்துத் தொட்டி மேடைமேல் போட்டது. போட்ட இடத்திலேயே கிடந்தேன். மழை வாய்க்குள் விழுந்தது. மூடத் தோன்றவில்லை.

சார் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"யோவ், ரேடியோவுல ஓவர்னா, நான் சொல்லி முடிச்சிட்டேன், இனிமே நீ பேசுன்னு அர்த்தம்யா. இப்ப பேசுனதே உன் பொண்ணுதான்."

சார் பேரைக் கேட்டிருக்கிறார். பேரைச் சொல்லியிருக்கிறாள். மில்காரர் சொல்லிக் கொடுத்தபடி முடித்திருக்கிறாள். அவ்வளவுதான். நான் பெற்ற பிள்ளையின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பைப்பை நான் தோள் கொடுத்து நிமிர்த்தினேன். சார் என் இடுப்புக் கம்பியைக் கழற்றித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். எழுபது வயது மனிதர். போய்யா உள்ளே என்றார்.

மைக்கை எடுத்தேன். பட்டனை அழுத்தினால் நம் பேச்சு போகும், விட்டால் அவர்கள் பேச்சு வரும் என்று வெளியிலிருந்து கத்தினார்.

அப்பா பேசுறேன் என்றேன். வூடு போனா போவுது, நீ நல்லாக்கீறியா, புள்ளைங்க எங்க, மாப்ள எங்க என்று கேட்டேன். கேட்டதையே திருப்பிக் கேட்டேன். பட்டனை விடத்தான் பயமாக இருந்தது. விட்டால் மணல் கொட்டுமே.

"ஓவர் சொல்லுய்யா," வெளியே சாருக்கு மூச்சு வாங்கியது. "சொன்னாத்தான் அந்தப் பொண்ணு பேசும்."

வாயைத் திறந்தேன். என் மகளிடம் சொல்ல அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"நீ பேசு பாப்பா" என்று சொல்லிவிட்டு, விரலை எடுத்தேன்.