பாகம் பிரித்த துப்பாக்கி

பழம்பொருள் கடைக்காரரின் மேசை விளக்கடியில் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி பளபளக்கிறது; துப்பாக்கி என்றால் மரக்கட்டை மட்டும். பாகப் பிரிவினையில் கட்டை தம்பிக்கு, இரட்டைக் குழல் அண்ணனுக்கு. அன்றோடு பேச்சும் அற்றுப்போயிற்று. வெள்ளிப் பூவேலையைத் தடவிப் பார்த்த கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கிறார். “குழலோட இருந்தா ஒரு வீடே வாங்கலாம். தனியா இது விறகுங்க.” தம்பி கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். “அண்ணன் கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வரேன்.” “அவரு போன மாசமே வந்தாரு, இதே எண் போட்ட குழலோட. கட்டை இல்லாம வெறும் இரும்புதான்னேன். தம்பிகிட்டப் போய் நிக்க மாட்டேன்னுட்டு, நேரா எதிர்க் கடைக்குப் போயிட்டாரு.” எதிரே பழைய இரும்புக் கடையில் சம்மட்டி ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. தம்பி கட்டையைத் தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத குழலின் வழியே அந்தக் கடையையே பார்க்கிறான்.